மோரி அடைச்சிக்கிச்சாடா?

எங்கள் வீட்டில் மொத்தம் நாலு பேர். வாசலில் நிற்கிற இரண்டு கார்களில் ஒன்றில் ஏழு பேர் உட்காரலாம், இன்னொன்றில் இரண்டே பேர். சராசரி பார்த்தால் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்பது என் வாதம். தங்கமணி இதுவரை ஒப்புக்கொண்டதில்லை.

அந்த இரண்டு பேர் கார்தான் இன்றைய கதாநாயகி. மாஸ்டா மியாட்டா, 2003 மாடல், கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். இங்கே கனடாவிலும் அமெரிக்காவிலும் மியாட்டா என்பார்கள், மற்ற பல நாடுகளில் எம்எக்ஸ்-5. பழைய பிரிட்டிஷ் குட்டிக் கார்களின் குஷியை எடுத்துக்கொண்டு, தினம் காலையில் ஒழுங்காகக் கிளம்புகிற மாதிரி ஜப்பான்காரர்கள் செய்தது. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் முதலில் காட்டினார்கள். 2000ல் உலகிலேயே அதிகம் விற்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸில் ஏறியது. 2016ல் பத்து லட்சமாவது கார் வெளியே வந்தது. எடை ஒரு டன் சொச்சம், அவ்வளவுதான்.

பி.காம் படித்துவிட்டு பேங்கில் கடன் விண்ணப்பத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவன் இப்படி ஒரு காரை வாங்கலாமா? கூடாது. தேய்மானம் எல்லாம் தேய்ந்து முடிந்து, கணக்குப் புத்தகத்தில் மதிப்பு பூஜ்யம் ஆன பொருள் அது. 2018ல், அதற்குப் பதினைந்து வயதானபோது வாங்கினேன். நாலு பேரும் ஒரு தடவை ஊருக்குப் போய் வருகிற டிக்கெட் காசைவிடக் கொஞ்சம்தான் அதிகம். "அப்ப ஊருக்கே போயிருக்கலாமே" என்றாள் தங்கமணி. அந்த வாக்கியம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும், இந்த மாதிரி காருக்கு மனுஷர்களைப் போலவே சில குணங்கள் உண்டு. பேட்டரி முன்னால் இருக்காது, டிக்கியில் வலது மூலையில் உட்கார்ந்திருக்கும். மூன்று வாரம் ஓட்டாமல் விட்டால் கோபித்துக்கொண்டு படுத்துவிடும். அதனால் பனிக்காலம் முழுக்க அதற்கு ஒரு சின்ன சார்ஜர், குழந்தைக்கு டிரிப்ஸ் ஏற்றுகிற மாதிரி. டிக்கியில் ஸ்பேர் வீல், பேட்டரி போக மிச்ச இடத்தில் ஒரு அரிசி மூட்டையும் கொத்தமல்லிக் கட்டும் போகும். புளி வாங்கினால் மடியில்தான். நல்ல குளிரில் கூரையை மடக்கக் கூடாது, துணி விறைத்துப் போய் மடிப்பில் வெடிக்கும்.

கிளட்ச்சும் ஒரு தடவை சோதித்தது. பெடல் ஒருநாள் மெத்தென்று உள்ளே போனது, ரிவர்ஸ் கியர் விழ மாட்டேன் என்றது. கியர்பாக்ஸின் பக்கவாட்டில், கீழே, ஸ்லேவ் சிலிண்டர் என்று கட்டைவிரல் பருமனில் ஒன்று இருக்கிறது. அதன் ரப்பர் உறையை விலக்கிப் பார்த்தால் உள்ளே ஈரம். சீல் போய்விட்டது. அதை மட்டும் மாற்றாமல் மேலே இருக்கிற மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். ஒன்று போனால் அடுத்தது பின்னாலேயே போகும், அண்ணன் தம்பி மாதிரி.

இதெல்லாம் சின்ன விஷயம். உண்மையான வில்லன் தண்ணீர்.

2023 செப்டம்பர் கடைசியில் ஆரம்பித்தது. காலையில் காரைத் திறந்தால் கண்ணாடியெல்லாம் உள்பக்கமாகப் பனி மூடியிருக்கும். பிறகு ஒரு வாசனை. நனைந்த சாக்கு வாசனை. டிரைவர் பக்கம் கார்பெட் உலர்ந்துதான் இருந்தது. பக்கத்து சீட்டின் பின்னால் கையை வைத்தால் சதக் என்றது. தங்கமணி அந்த சீட்டில் உட்கார மறுத்து வருஷமாகிறது, அதனால் எத்தனை நாளாக ஈரமோ தெரியாது.

நான் என்ன செய்தேன்? படித்தவன் செய்வதைத்தான். தண்ணீர் எங்கேயிருந்து உள்ளே வருகிறது என்று தேடினேன். ஜன்னல் ரப்பர் பழசாகிவிட்டது என்று முடிவுகட்டி, புது ரப்பர் வாங்கி மாற்றினேன். அடுத்த மழையில் அதே சதக். கூரைத் தையலில் பசை தடவினேன். சதக். டிக்கி ரப்பரையும் மாற்றினேன். இரண்டு வாரத்தில் நானூறு டாலர் போனது, தண்ணீர் போகவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன்.

எனக்கு ஊர் கோலார் தங்கவயல். முன்பெல்லாம் கே.ஜி.எஃப். என்றால் "அது எங்க இருக்கு?" என்பார்கள். 2018ல் படம் வந்த பிறகு, "ஓ, அந்த ஊரா!" என்று ஒரு மாதிரி பார்க்கிறார்கள். படத்தில் வருகிற மாதிரி யாரும் எங்கள் தெருவில் துப்பாக்கியோடு திரிந்ததில்லை சாமி. சாம்பியன் ரீஃப்ஸ் லைன் வீடுகள், ஷிஃப்டுக்குச் சங்கு, காற்றடித்தால் சயனைட் மேட்டு மண் சோற்றில் நரநரக்கும். அவ்வளவுதான். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்துப் பக்கத்திலிருந்தும் போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே பூமிக்குள் இறங்கினார்கள். 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து கணக்கு வைத்தால் நூற்றிருபது வருஷம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3,200 மீட்டர் ஆழம். அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல்.

என் நைனா அங்கே பம்பு செக்‌ஷன் ஃபிட்டர். 'தங்கம் தோண்டுகிறவர் மகன்' என்று காலேஜில் என்னை ஓட்டுவார்கள். நைனா தங்கம் தோண்டியதில்லை. தண்ணீர் இறைத்தார். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். நான் அப்போது பி.காம் முடித்து பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் நைனா வந்து காக்கிச் சட்டையைத் தானே துவைத்துக் காயப்போட்டார். மறுநாள் போடப்போகிற மாதிரி. அதற்குப் பிறகு சுரங்கத்தைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பொதுவாகவே எங்களுக்குள் பேச்சு குறைவு. நான் கனடா வந்த பிறகு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அங்கே சாயங்காலம் ஆறரை, போன் செய்வேன். "சாப்டியா?" "சாப்ட்டேன் நைனா. நீ?" "ஆச்சு. இந்தா அம்மாகிட்ட பேசு." முடிந்தது. மொத்தம் இருபது செகண்ட்.

அந்த அக்டோபர் சனிக்கிழமை அம்மா குளிக்கப் போயிருந்தார்கள். போனைக் கொடுக்க ஆள் இல்லை. என்ன பேசுவது என்று தெரியாமல், "கார்ல தண்ணி ஏறுது நைனா, எங்க வருதுன்னே தெரியல" என்றேன்.

"எங்க வருதுன்னு எதுக்குடா தேடற?" என்றார். "மேல இருந்து வர்ற தண்ணிய எவனாலடா நிறுத்த முடியும்? போற வழி எங்க கீதுன்னு பாரு. மோரி அடைச்சிக்கிச்சா?"

எங்கள் ஊரில் மோரி என்றால் சாக்கடை, வடிகால். 'காரில் ஏது மோரி' என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் உண்டு. மடக்குக் கூரை உடம்போடு சேருகிற பின்பக்கத்தில், துணிக்கு அடியில் ஒரு தகர வாய்க்கால் மாதிரி ஓடுகிறது. கூரையில் விழுகிற மழை எப்படியும் அதில் இறங்கும். இறங்கவேண்டும் என்றுதான் செய்திருக்கிறார்கள். அங்கிருந்து சீட் பெல்ட் தூணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஓட்டை, ஓட்டையிலிருந்து குழாய், அது பின் சக்கரத்துக்கு முன்னால் காருக்கு அடியில் போய்த் திறக்கிறது. நான் ஐந்து வருஷமாகக் காரை மேப்பிள் மரத்தடியில் நிறுத்துகிறேன். இலை விழுந்து மக்கி, குழாய் அடைத்து, போக வழியில்லாத தண்ணீர் வழிந்து உள்ளே வந்திருக்கிறது. காரைச் செய்தவன் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறான். வைத்திருந்தவன் பார்க்கவில்லை.

"ஒரு பக்கத்துக்கு ஒரு மக்கு ஊத்து. கீழ எவ்ளோ வருதுன்னு அள" என்றார் நைனா.

காமர்ஸ் படித்தவர்களுக்கு முதல் வருஷத்தில் சொல்லிக்கொடுக்கிற பொன்விதி ஞாபகம் இருக்கும். உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை. இடது பக்கம் ஒரு லிட்டர் ஊற்றினேன். கீழே வைத்த தட்டில் சளசளவென்று முக்கால் லிட்டருக்கு மேல் வந்துவிட்டது. வலது பக்கம் ஒரு லிட்டர் ஊற்றினேன். ஒரு சொட்டு வரவில்லை. வாய்க்கால் நிரம்பி, கண் முன்னாலேயே கார்பெட்டில் இறங்கியது. கணக்கு டேலி ஆகாத இடம் அதுதான்.

"கம்பி வுடாத" என்றார் உடனே. "குழாய் கிழிஞ்சிடும். இல்ல, மூட்டுல கழண்டுக்கும். அப்புறம் உள்ளயே கொட்டும்."

இதே எச்சரிக்கையைப் பிறகு மியாட்டா வைத்திருக்கிற எல்லாரும் சொல்லக் கேட்டேன். கூர்மையான கம்பியும் வேண்டாம், கம்ப்ரெசர் காற்றும் வேண்டாம். நான் புல்வெட்டி மெஷினில் போடுகிற நைலான் நரம்பை எடுத்து, முனையைத் தீயில் காட்டி மழுங்கடித்து, மேலிருந்து மெல்லத் திருகித் திருகி விட்டேன். கால் மணி நேரம். திடீரென்று கீழே களக் என்று ஒரு சத்தம். கறுப்புச் சேறு, மேப்பிள் விதை, ஊசியிலை, எல்லாம் கஷாயம் மாதிரி வந்து விழுந்தது.

"காட்டு" என்றார் நைனா. வீடியோவைப் போட்டேன். சேற்றை இரண்டு நிமிஷம் பார்த்தார். பிறகு, இருபத்திரண்டு வருஷத்துக்கு அப்புறம், பேச ஆரம்பித்தார்.

சுரங்கத்துக்குள் மேல்மட்டங்களில் மழைத் தண்ணீரும் ஊற்றும் பாறை வெடிப்பு வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும். அதை நிறுத்த முடியாது. ஒவ்வொரு லெவலிலும் பாதையை லேசான சரிவில் வெட்டி, ஓரத்தில் மோரி விட்டு, தண்ணீரை ஷாஃப்ட் பக்கம் கொண்டுவந்து சம்ப்பில் விடுவார்கள். பம்பு அங்கிருந்து மேல் சம்ப்புக்குத் தள்ளும், அது அதற்கும் மேலே. பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம். ஆயிரக்கணக்கான அடியை ஒரே மூச்சில் தள்ளினால் குழாயிலும் பம்பிலும் அழுத்தம் ரொம்ப ஏறிவிடும், அதனால்தான் படிப்படியாக. 1902ல் சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து மின்சாரம் எடுத்து 140 கிலோமீட்டருக்கு மேல் கம்பி இழுத்து கே.ஜி.எஃப்.புக்குக் கொண்டுவந்தார்கள். "காவேரித் தண்ணி கரண்ட்ட வெச்சி பூமித் தண்ணிய எறச்சோம்" என்றார் நைனா. இவருடைய முதல் வேலை பம்பே இல்லையாம். சம்ப்பில் இறங்கிச் சேறு அள்ளுவது. "மூடுனது கூட சரி. தங்கம் கொறஞ்சிபோச்சு, நஷ்டம், சரி. பம்ப நிறுத்துனாங்க பாரு..." என்று ஆரம்பித்து, அதோடு விட்டுவிட்டார். இன்று அந்தச் சுரங்கங்கள் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கின்றன.

அடுத்த சனிக்கிழமை அவரே போன் செய்தார். சீட்டைக் கழற்றினாயா, கார்பெட்டைத் தூக்கினாயா என்று கேட்டார். சீட்டுக்கு நாலு போல்ட்டுதான். கார்பெட்டுக்கு அடியில் ஸ்பாஞ்ச் மாதிரி ஒரு மெத்தை, அதுதான் தண்ணீரைக் குடித்து வைத்திருந்தது. மேலே உலர்ந்தாலும் அது மாசக்கணக்கில் உலராது, எடுத்து வெளியே போட்டுத்தான் ஆகவேண்டும். செய்துவிட்டேன் என்றேன். "கதவுக்குக் கீழ பொட்டி மாதிரி இருக்குமே, அதத் தட்டு. போன பக்கத்துல வெச்சித் தட்டு."

சுரங்கத்தில் வேலை தொடங்கும் முன் கூரைப் பாறையை இரும்புக் கம்பியால் தட்டிக் கேட்பார்கள். டங் என்றால் கெட்டி. டொக் என்றால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் விழும். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே போனேன். பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் எழுபத்தாறு வயதுக் கிழவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். டங். டங். டங். பின் சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால், டொக்.

"அங்க நிறுத்து. உள்ள தின்னுடுச்சி."

தேங்கிய தண்ணீரும் சாலை உப்பும் சேர்ந்து உள்ளிருந்து அரித்திருந்தது. வெளியே பெயிண்ட் பளபளவென்று இருந்தது, ஒரு புள்ளி துரு இல்லை. எப்படி நைனா இவ்வளவு சரியாக என்று கேட்டேன். அவர் சிரித்தார். "என் முதுகையே டாக்டர் இப்டித்தாண்டா தட்டிப் பாத்தாரு. டொக்குன்னிச்சி."

எனக்குப் புரியவில்லை. பின்னால் அம்மா "சும்மா இரு" என்று அதட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அம்மாவே போனை வாங்கிச் சொன்னார்கள். ஆகஸ்டிலேயே நைனாவுக்கு மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று ஊசிபோட்டு ஒன்றரை லிட்டர் எடுத்திருக்கிறார்கள். டி.பி. கல்தூசு படிந்த நுரையீரலுக்கு அது சீக்கிரம் வரும். ஆறு மாத மாத்திரை, மூன்றாவது மாதம் ஓடுகிறது.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"அவ்ளோ தூரத்துல இருக்கற. நீ என்னாப்பா பண்ணுவ?"

ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை எத்தனை சனிக்கிழமை என்று எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு வாரமும் "சாப்டியா?" கேட்டிருக்கிறேன். அவரும் "ஆச்சு" என்றிருக்கிறார். பேங்கில் முன்பின் தெரியாத ஆளிடம் மூன்று வருஷ வருமானம், கடன், வைத்தியச் செலவு என்று எதையும் விடாமல் கேட்கிறவன் நான். தப்பு அவர்கள் மறைத்ததில் மட்டும் இல்லை. சொல்வதற்கு நான் வழி வைத்திருக்கவில்லை. நானும் தான் எத்தனையோ மறைத்திருக்கிறேன். 2020ல் மூன்று மாதம் சம்பளம் பாதியானதை இன்றுவரை சொன்னதில்லை.

டிசம்பரில் கிளம்பினேன். தங்கமணி டிக்கெட் பார்த்துக் கொடுத்தாள், ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. பெங்களூரில் இறங்கி ரயிலில் பங்காருப்பேட்டை, அங்கிருந்து மாரிக்குப்பம் வண்டி. நைனா இளைத்திருந்தார். ஆனால் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். மறுநாள் காலை வீட்டு வாசல் மோரியில் பிளாஸ்டிக் பையும் மண்ணும் அடைத்து நிற்பதைக் காட்டினார். நான் மண்வெட்டியோடு இறங்கினேன். அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "சரிவு அந்தப் பக்கம்டா, இந்தப் பக்கம் தள்ளாத" என்று சூப்பர்வைசர் வேலை பார்த்தார். அன்று மத்தியானம் 2020 சம்பளக் கதையைச் சொன்னேன். "தெரியும்" என்றார். "அந்த வருஷம் நீ வாராவாரம் ரெண்டு வாட்டி போன் பண்ண."

மாத்திரை பிப்ரவரியில் முடிந்தது. இப்போது எக்ஸ்ரே சுத்தம். ஏப்ரலில் காரின் அந்த ஒரு சாணை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தோம். செலவு, காரின் மதிப்பில் பாதி. கணக்குப்படி தப்பு. வெல்டிங் ஆன பிறகு தட்டி, போனில் கேட்கவைத்தேன். "ம்" என்றார். நைனா அகராதியில் அது முதல் வகுப்பு.

இப்படிக் கூரை மடக்கும் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இலை விழுந்து முடிந்ததும் ஒரு தடவை, பனி கரைந்ததும் ஒரு தடவை, இரண்டு பக்கமும் ஒரு லிட்டர் ஊற்றி, கீழே வருவதை அளந்து பாருங்கள். பத்து நிமிஷ வேலை. கார் இல்லாதவர்கள் கூரைத் தகரத்தைப் பாருங்கள். அதுவும் இல்லாதவர்கள் போனை எடுங்கள், "சாப்டியா"வுக்கு அடுத்து இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்.

சனிக்கிழமை. மணி எட்டு ஐம்பது. மக்கில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டேன். நைனா இன்னும் பத்து நிமிஷத்தில் லைனுக்கு வருவார் :-)